அறியாது உரைத்த பொய்யும் பொய்யாகுமா?

அணுவிரதங்கள் ஐந்தனுள் வாய்மை இரண்டாவதாக வைத்து எண்ணப்படுகிறது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுதல் பொய் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ஒருவர் தாம் முழுமனத்துடன் நம்பிய ஒன்றை, பிறர் நலம் நாடியே எடுத்துரைக்கிறார். பின்னர் அது உண்மையன்று எனத் தெரியவருகிறது. அவர் பொய்யுரைத்தவர் ஆவாரா? அவருடைய நல்லெண்ணம் அப்பிழையைக் கழுவிவிடுமா? இல்லறத்தார் ஒவ்வொருவரும் சிந்திக்கத்தக்க இவ்வினாவை, இந்நாளில் வழங்கும் ஒரு சோதனை முறையை முன்வைத்து ஆராய்வோம்.

தசைச் சோதனையும் மூளைக் குப்பிகளும்

அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரில் கைரோபிராக்டிக் என்னும் முதுகெலும்புச் சிகிச்சை செய்துவந்த ஜார்ஜ் குட்ஹார்ட் என்பவர், 1964-ல் தசைச் சோதனை என்னும் முறையைத் தொடங்கிவைத்தார். நோயாளி ஒரு கையை நேராக நீட்டி நிற்பார். சோதிப்பவர் அக்கையைக் கீழ்நோக்கி அழுத்துவார். கை உறுதியாக நின்றால் உடலில் குறையில்லை என்றும், தாழ்ந்தால் குறையுண்டு என்றும் கொள்வர். நாளடைவில் இம்முறையுடன் ஹோமியோபதிக் குப்பிகளும் சேர்ந்தன. நினைவுக்குத் துணைபுரியும் ஹிப்போகாம்பஸ், அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா, உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை என மூளையின் பகுதிதோறும் ஒரு குப்பி வைத்த சோதனைப் பெட்டிகள் மேலைநாடுகளில் விற்கப்படுகின்றன. குறித்த குப்பியை ஏந்தியபோது கை தாழ்ந்தால், அக்குப்பியின் பெயருக்குரிய மூளைப்பகுதி நலிவுற்றிருக்கிறது என்பது முடிவு. சிறு குழந்தையாயின் தாயின் கையை அழுத்திக் குழந்தையின் மூளையை அறிவதும் உண்டு.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. பத்து விரல்களின் ரேகைகளைப் பதிந்து, ஒவ்வொரு விரலும் மூளையின் ஒவ்வொரு பகுதியைக் காட்டுகிறது என்று கூறி, பிள்ளைகளின் அறிவுத்திறனை அளப்பதாகச் சொல்லும் சோதனைகள் பல ஊர்களில் நடந்தன. அவற்றுக்கு அறிவியல் சான்று இல்லையென இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2019-ல் தெளிவுபடுத்தியது. கருவி வேறு, பெற்றோரின் கவலையே இரண்டுக்கும் முதலீடு.

கை ஏன் தாழ்கிறது?

நம் விக்கிரவாண்டிப் பகுதியில் கிணறு வெட்டவும் ஆழ்துளைக் கிணறு இறக்கவும் நீரோட்டம் பார்ப்போரைப் பலர் கண்டிருப்பர். உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அவர் வேண்டுமென்றே அதை நிமிர்த்தவில்லை; தம் கை அசைந்ததை அவரே அறியார். உள்ளத்தின் எதிர்பார்ப்பு, அறிவுக்கு அறிவிக்காமலே தசையை இயக்கிவிடுகிறது. இதனைப் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல் ஊசற்குண்டைக் கொண்டு ஆராய்ந்து 1833-ல் எழுதினார். கண்ணைக் கட்டியதும் ஊசல் நின்றுவிட்டது! 1852-ல் இங்கிலாந்தின் வில்லியம் கார்ப்பென்டர் இவ்வியல்புக்குப் பெயரிட்டு விளக்கினார். 1853-ல் மைக்கேல் ஃபாரடே, ஆவிகள் மேசையை நகர்த்துவதாக நம்பியோரின் கைகளுக்கும் மேசைக்கும் இடையே ஒரு காட்டுக்கருவியைப் பொருத்தினார். மேசை கையை இழுக்கவில்லை, கையே மேசையைத் தள்ளியது என்பது புலனாயிற்று. அமர்ந்திருந்தோர் அக்கருவியைத் தாமே காணும்படி செய்தபோது மேசை நகரவே இல்லை.

தசைச் சோதனையில் இரு கைகள் பங்குகொள்கின்றன. அழுத்துபவர் சற்றே மிகுதியாக அழுத்தலாம். நீட்டியவர் சற்றே தளரலாம். இருவரும் நேர்மையானவர்களே. ஆயினும் குப்பியின் பெயரை அறிந்த உள்ளம் கையை ஆளுகிறது. குளவி நஞ்சு ஒவ்வாதவர்களைக் கொண்டு நிகழ்த்தி 2001-ல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், எந்தக் குப்பியில் நஞ்சு உள்ளது என்பது சோதித்தவருக்கும் தெரியாமல் மறைக்கப்பட்டது. அப்போது கிடைத்த விடைகள், காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லும் விடைகளினும் மேலானவையாக இல்லை.

குப்பியில் என்ன இருக்கிறது?

ஹோமியோபதியில் 30 என்னும் வீரியம், ஒரு பங்கைத் தொண்ணூற்றொன்பது பங்கு நீர்மத்தில் கலக்கும் செயலை 30 முறை அடுத்தடுத்துச் செய்வதாகும். அதாவது 1-க்குப் பின் 60 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்கு. உலகக் கடல்கள் அனைத்திலும் உள்ள நீர் மூலக்கூறுகளை எண்ணினாலும் 1-க்குப் பின் 46 சுழியங்களுக்கு அருகிலேயே நின்றுவிடும். 12-ஆம் வீரியத்தைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருப்பது அரிது. ஆஸ்திரேலிய நாட்டின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-ல், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன்தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லையென அறிவித்தது.

நம் நாட்டில் ஹோமியோபதி சட்டத்தின் ஏற்புப் பெற்ற மருத்துவ முறை. முன்னர் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கல்வியை நெறிப்படுத்தியது; இப்போது அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. சட்டத்தின் ஏற்பு வேறு, மெய்ப்பிக்கப்படுதல் வேறு என்பதை மட்டும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஜைன இல்லத்தார்க்கு இங்கே மற்றொரு வினாவும் எழுகிறது. ஏபிஸ் என்னும் மருந்து தேனீயிலிருந்தும், செப்பியா கணவாய் மீனின் மையிலிருந்தும், லாக்கெசிஸ் பாம்பின் நஞ்சிலிருந்தும் ஆக்கப்படுவன. விலங்குகளின் உறுப்புத் திசுக்களிலிருந்து ஆக்கும் மருந்து வகைக்குச் சார்கோடு என்று பெயர். தேனையும் விலக்கிய நாம் இவற்றை எவ்வாறு ஏற்பது? குப்பியில் அவ்வுயிரின் பகுதி இருக்கிறது என்றால் அகிம்சைக்கு இழுக்கு. ஒன்றுமே இல்லை என்றால், உண்டென்று சொல்லி விற்பது வாய்மைக்கு இழுக்கு. எவ்வழியிலும் விரதத்துக்கு ஊறு நேர்கிறது.

நல்லெண்ணம் போதுமா?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். உமாஸ்வாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் கொலைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் போக்குதலை மட்டும் கூறி அமையவில்லை. அதற்கு வேராகிய பிரமாதம், அதாவது விழிப்பின்மை, அங்கே முன்வைக்கப்படுகிறது. உரையாசிரியர்கள் அவ்விழிப்பின்மையைப் பொய்க்கும் பொருத்திக் காட்டுவர். எனவே, ஆராயும் வழி இருந்தும் ஆராயாது உரைத்தவரின் நல்லெண்ணம் வினையின் கடுமையைக் குறைக்கலாம். அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. ஆராய்ந்தும் தவறியவர் நிலை வேறு.

நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். அதில் உயிர்கள் நீந்துவதைக் கண்டபின்பா வடிகட்டுகிறோம்? கண்ணுக்குத் தெரியாத உயிரும் இருக்கலாம் என்பதால் அன்றோ வடிகட்டுகிறோம்! பருகும் நீருக்குக் காட்டும் விழிப்பைப் பிறர் செவியில் ஊற்றும் செய்திக்குக் காட்ட வேண்டாமா?

“அநேகாந்தம் எல்லாக் கோணங்களையும் ஏற்பது ஆயிற்றே, இம்முறையிலும் ஓர் உண்மை இருக்கக் கூடாதா?” என்று சிலர் கேட்கலாம். அநேகாந்தம், உள்ள பொருளைப் பல நிலைகளில் நின்று காணச் சொல்வது. இல்லாத பொருளை உண்டென்று கொள்ளச் சொல்வதன்று. நோயாளியின் பேச்சுக்குச் செவிசாய்த்தல், அன்புடன் தொடுதல், நம்பிக்கை ஊட்டுதல் ஆகியவற்றால் அவர் ஆறுதல் அடைகிறார் என்பது ஒரு நிலையில் உண்மை. கை தாழ்ந்ததால் மூளையின் நிலை தெரிந்தது என்பது எந்த நிலையிலும் மெய்ப்பிக்கப்படவில்லை. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூடமின்மையும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதை மறத்தலாகாது.

பிள்ளைக்கு இழைக்கும் தீங்கு

குப்பிக்குக் கொடுக்கும் பணம் பெரிதன்று. “உன் மூளையின் இப்பகுதி நலிவானது” என்ற சொல்லே பெரிது. வகுப்பறையில் நெடுங்காலம் பிள்ளைகளோடு வாழ்ந்தவர் எவரும் இதனை அறிவர். கரும்பலகையின் எழுத்துத் தெரியாத பிள்ளை மந்தன் எனப் பெயர் பெறுகிறான். அவனுக்குத் தேவை கண்ணாடி. அழைத்தும் திரும்பாத பிள்ளைக்குச் செவிச் சோதனை தேவை. எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க இடர்ப்படும் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி தேவை. இக்கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது. குப்பியை ஏந்திக் கழித்த ஓராண்டு, அப்பிள்ளையின் கல்வியில் மீளாத ஓராண்டு.

நாம் செய்யத்தக்கது யாது? பிள்ளைகளைப் பள்ளிக்கே வந்து சோதிக்கும் அரசுத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. நமக்கு அருகில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. முதலில் அங்குச் செல்க.

தசைச் சோதனையைப் பரிந்துரைப்பவர் எவரேனும் வந்தால் சினவாது ஒன்று கேட்போம். ஒரே அளவான இரு குப்பிகளில், ஒன்றில் உப்பும் மற்றொன்றில் சர்க்கரையும் இட்டுத் தாள் சுற்றுவோம். அறைக்கு வெளியே உள்ள ஒருவர், காசைச் சுண்டி அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, அது எது என்று உடனிருப்போர் எவருக்கும் தெரியாதவாறு உள்ளே அனுப்பட்டும். இவ்வாறு 20 முறை சோதித்து விடைகளைக் குறித்துக்கொள்க. தற்செயலாகவே 10 அளவில் சரியாக அமையும். 15-ம் அதற்கு மேலும் தற்செயலாக அமைவதற்கு நூற்றில் 2 வாய்ப்பே உண்டு. செலவும் இல்லை, எவருக்கும் துன்பமும் இல்லை. உண்மையை நாடுபவர் இதற்கு மறுக்க மாட்டார்.

பொய் என்று தெரிந்ததைச் சொல்லாதிருத்தல் வாய்மையின் முதற்படி. மெய்தானா என்று தெரிந்துகொள்ளாததைச் சொல்லாதிருத்தல் அடுத்த படி. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் இவ்விரண்டாம் படியிலும் கால்வைத்து, நம் இளஞ்சிறாரைக் காப்போமாக.