ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

காட்டுமன்னார்கோயிலில் ஒரு வரலாற்று ஆசிரியரிடம் கல்லூரி மாணவன் ஒருவன் கல்வெட்டு வாசிக்கப் பழகிவந்தான். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டின் அச்சுப் பிரதியை அவர் நீட்டியதும் அவன் முகம் சுருங்கியது.

“ஐயா, கல்கியின் நாவல் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் ஒரே விடுமுறையில் முடித்தேன். இது ஒரு பக்கம்கூட நகர மாட்டேன் என்கிறது.”

“நாவலில் எதைத் தேடினாய்?”

“எதையும் தேடவில்லை. வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்தான், பின்னாலேயே போய்விட்டேன்.”

“நாவலை அப்படித்தான் வாசிக்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று ஏரி நிறைந்திருந்தது என்று கல்கி எழுதும்போது ஆதாரம் கேட்பவனுக்கு நாவல் எதற்கு? இங்கேயோ அதைக் கேட்காமல் ஒரு வரிகூடத் தாண்டக் கூடாது. சொல், இதில் யார் யாரிடம் பேசுகிறார்கள்?”

மாணவன் விரல் வைத்து வாசித்தான். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணை. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள். அவர்களின் நிலங்களோடு உறவினர் நிலங்களும் பறிமுதல்.

“கொலை எங்கே நடந்தது, எப்படி, எதற்காக என்று ஒன்றுமே இல்லையே ஐயா!”

“இது நில விவகாரத்துக்காக வெட்டிய கல்வெட்டு. நிலம் ஏன் கைமாறியது என்பதற்காகத்தான் கொலையைச் சொல்கிறது. அதற்கு மேல் சொல்லும் அவசியம் அந்தச் சபைக்கு இல்லை. சரி, ரவிதாசனுக்கு என்ன பட்டம்?”

“பஞ்சவன் பிரமாதிராஜன்.”

“பிராமண அதிகாரிகளுக்கு வழங்கப்பட்ட பட்டம் அது.”

மாணவன் நிமிர்ந்தான். “நாவலில் அவன் மந்திரவாதி! பாண்டியனுக்காகப் பழிவாங்க வந்தவன்!”

“கல்வெட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு ஆளைக் கல்கி படைத்தார். நாவலில் வரும் நந்தினிக்கோ பெயர்கூடக் கல்வெட்டில் கிடையாது.”

“அப்படியானால் கல்கி எழுதியது பொய்யா?”

ஆசிரியர் சிரித்தார். “1950இலிருந்து 1954வரை தொடராக வந்த கதை அது. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் உயிரைப் பறித்தது யார் கை என்பதைக் கல்கி மர்மமாகவே விட்டார். 1935இல் வெளிவந்த நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் மீது சந்தேகப்படுகிறது, கொலையை நிரூபிக்கவில்லை. இரண்டு மௌனமும் ஒன்றா?”

அவன் வெகுநேரம் பேசவில்லை.

“இல்லை” என்றான் கடைசியில். “கல்கி நினைத்திருந்தால் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சாஸ்திரியால் முடியாது. கல்வெட்டும் செப்பேடும் சொன்னதற்கு அப்பால் அவர் நகர முடியாதே.”

“அதனால்தான் நாவலின் இடைவெளியில் நீ கற்பனை செய்கிறாய். வரலாற்றின் இடைவெளியிலோ வாதாட வேண்டும். திருவாலங்காட்டுச் செப்பேடு உத்தமனுக்கு அரியணை ஆசை இருந்ததாகச் சொல்கிறது. துரோகிகளின் நிலம் பற்றிய ஆணையோ ராஜராஜன் காலத்தில்தான் வருகிறது. இனி உன் வாதத்தைச் சொல்.”

“நிலக் கணக்குதான் அப்போது முடிந்தது. தண்டனையை உத்தமனே முன்பு கொடுத்திருக்கலாம், கல்வெட்டு அதை மறுக்கவில்லை. மேலும் உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை ராஜராஜன் கோயில் பணிகளில் அமர்த்தினான். அண்ணனைக் கொன்றவன் மகனுக்கு அப்படி இடம் கொடுப்பானா?”

“இரண்டாவது வாதம் மனித சுபாவத்தை நம்பி நிற்கிறது, நாவலாசிரியரின் கருவி அது. எதிரியின் மகனைக் கண்காணிப்பில் வைக்கவும் பதவி கொடுப்பார்கள். முதலாவது கல்வெட்டின் சொற்களை நம்பி நிற்கிறது, அதைப் பிடித்துக்கொள். சாஸ்திரியை மறுத்த சதாசிவ பண்டாரத்தார் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு வா.”

அன்று மாலை நூலகத்தில் பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ கிடைத்தது. மாணவன் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. உத்தம சோழன் பற்றிய பகுதியைத் தேடிப்பிடித்து, அடிக்குறிப்புகளையும் சேர்த்து வாசித்தான். உடன்படாத இடங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.