இறங்கும் வழியைக் கட்டி வைத்தாயா?

ஸ்காட்லாந்தின் வடக்கே ஹோய் என்றொரு தீவு. அதன் கடலோரத்திலே 137 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைத் தூணாய் நிற்கிறது ஒரு மணற்பாறை. 1966-ல்தான் முதன்முதலாக மூன்று பேர் அதன் உச்சியைத் தொட்டார்கள். சனி ஞாயிறு என்றால் இன்றும் படகேறிப் போய் ஏறுகிறவர்கள் உண்டு.

உச்சியை மட்டும் பார்த்து ஏறுகிறவனே, கொஞ்சம் நில்! பாறை நடுவிலே வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. மேலிருந்து இறங்கினால் கால் பாறைக்கு எட்டாது. அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். அதனாலே ஏறும்போதே அங்கே ஒரு கயிற்றைக் கட்டி விட்டுப் போகிறார்கள். திரும்புகையில் அதைப் பிடித்துத்தான் திட்டுக்கு வந்து சேருவார்கள். கூட்டிலிருக்கும் ஃபுல்மர் பறவை முகத்திலே நாற்ற எண்ணெயைக் கக்கும், அதைத் துடைத்துக்கொள்ளலாம். கயிற்றை மறந்தவன் என்ன செய்வான்?

அந்த மூவரில் ஒருவரான கிறிஸ் பானிங்டன் 2014-ல், 80 வயதில், மறுபடியும் ஏறினார். பத்திரமாய் இறங்கியும் வந்தார்.