பங்கு மண்டபத்தின் சாவி



நமது கரையோரப் பங்கு ஒன்றிலிருந்து அண்மையில் இரண்டு கடிதங்கள் ஒரே கிழமையில் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே விடயத்தைப் பற்றியவை. ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது மேற்கே பார்க்கிறது. எழுதிய இருவரும் பங்குச் சபையில் ஒரே வாங்கில் அமர்கிறவர்கள் என்றபடியால் பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன்.

சங்கதி இதுதான். கோயில் வளவில் உள்ள பங்கு மண்டபத்தில் கிழமைக்கு மூன்று நாள் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்த இடம் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை இலவசமாகப் பழக்குவார். கேட்பவர்கள் எல்லாரும் ஒரே கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் துண்டு எடுத்துக் காத்திருந்து பழகியவர்கள். அவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். மற்றவர்கள் முஸ்லிம் பெண்களும், உடப்புப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இந்துப் பெண்கள் இருவரும். நடக்கச் சொல்கிறார் டாக்குத்தர். ரோட்டில் நடந்தால் லொறியும் நாயும், ஊராரின் கண்ணும். இதோடு சேர்த்து இன்னொரு விண்ணப்பமும் உண்டு. பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் ஒருவர் எல்லாச் சமயப் பிள்ளைகளும் வரைந்த படங்களையும், ஊரில் மிஞ்சியிருக்கும் பழைய கூத்துக் கொப்பிகள், முடிகள், உடுப்புகளையும் அதே மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சியாக வைக்க விரும்புகிறார்.

முதற் கடிதக்காரர் எழுதுகிறார்: எங்கள் தகப்பன்மார் மீன் விற்ற காசில் சதம் சதமாகச் சேர்த்துக் கட்டிய மண்டபம், ஞானோபதேசம் படித்த இடம், அதில் கண்டவர்களும் வந்து குதிக்க விடுவதா? இரண்டாமவர் எழுதுகிறார்: கலியாணத்துக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம், விடியப் பார்த்தால் மேடைக்குப் பின்னால் போத்தல்கள் கிடக்கின்றன, அதற்குக் கூடாத கோபம் இதற்கு ஏன்?

இரண்டாமவரின் கேள்வி சுள்ளென்று இருக்கிறது. ஆயினும் முதலாமவரைப் பழமைவாதி என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. அவருடைய பயத்துக்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

மக்கபேயர் ஆகமங்களைத் திறந்து பாருங்கள். கிறிஸ்துவுக்கு முன் 175ஆம் ஆண்டளவில், யாசோன் என்பவன் அந்தியோக்கு அரசனுக்குப் பணம் கொடுத்துப் பிரதான குருப்பட்டத்தை வாங்குகிறான். அதற்கு மேலும் நூற்றைம்பது தாலந்து தருவதாகச் சொல்லி, எருசலேமில் கிரேக்கருடைய வழக்கப்படி உடற்பயிற்சிக்கூடம் ஒன்றைக் கட்ட உத்தரவு பெறுகிறான். கட்டிய இடம் கோட்டைக்கு நேர் கீழே. இளைஞர்கள் கிரேக்கத் தொப்பி போட்டுக்கொண்டு போனார்கள். அது போகட்டும். குருக்களே பீடத்தின் ஊழியத்தை அரைகுறையாக விட்டுவிட்டு, வட்டெறியும் அழைப்புக் கேட்டதும் மைதானத்துக்கு ஓடினார்கள் என்று இரண்டாம் ஆகமம் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முதலாம் ஆகமமோ இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்கிறது: தங்கள் விருத்தசேதன அடையாளத்தையே மறைத்துக்கொண்டார்களாம்.

ஆகவே பயிற்சிக்கூடம் என்றவுடன் ஒரு பக்தனுக்கு நெஞ்சு துணுக்குறுவது புதிதல்ல.

இனி வியப்பைக் கேளுங்கள். அந்தக் கூடத்தை விசுவாசத் துரோகத்தின் சின்னமாகக் கண்ட அதே யூத மக்கள், இருபது நூற்றாண்டுகளுக்குப் பின் தாங்களே அதைக் கட்டினார்கள். அமெரிக்காவில் குடியேறிய யூதர்கள் 1854இல் பால்ரிமோரில் எபிரேய வாலிபர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். நியூயோர்க்கில் அதேபோன்ற சங்கம் 1874இல் தொடங்கியது. இவற்றின் வழி வந்தவைதான் இன்று அந்நாட்டு நகரங்கள் பலவற்றில் இருக்கும் யூத சமூக நிலையங்கள். உள்ளே போனால் நீச்சல் தடாகம், உடற்பயிற்சி அறை, பாலர் வகுப்பு, முதியோருக்கு மதிய உணவு, சுவரிலே ஓவியக் கண்காட்சி. வாசலில் யூதர் என்ற பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே வருபவர்களில் யூதரல்லாதவர் ஏராளம். யாரையும் மதம் மாறும்படி கேட்பதில்லை.

இடையிலே ஒரு வார்த்தை. யூதர் என்றதும் இன்றைய யுத்தச் செய்திகளை நினைத்து முகம் சுளிப்போர் நம் அயலிலும் உண்டு, நம் வீடுகளிலும் உண்டு. ஓர் அரசு செய்வதற்கும், வேறொரு நாட்டில் ஒரு கிழவி நீந்தப் போகும் மண்டபத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். நாமும் இதில் சுத்தமானவர்கள் அல்லர். நம் பாஸ்கு மேடைகளில் யூதன் என்றாலே உருட்டு விழியும் கோணல் வாயுமாகத்தான் நெடுங்காலம் காட்டினோம். ஆண்டவரின் பாடுகளுக்காக அந்த மக்கள் அனைவர்மேலும் பழி சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகப் போதித்த பின்னும், சில ஊர்களில் அந்த வேடம் மாற வெகுகாலம் பிடித்தது.

வேதத்தில் பாவமாயிருந்தது பின்பு நன்மையானது எப்படி? என் மதிப்பீட்டை மறைக்காமல் சொல்கிறேன். எருசலேமில் பாவம் மல்யுத்தத்தில் இருக்கவில்லை. குரு பீடத்தை விட்டுப்போனதில் இருந்தது. தன் உடலில் இருந்த அடையாளத்துக்கு வெட்கப்பட்டதில் இருந்தது. பிறர் வீட்டில் இடம் கிடைப்பதற்காகத் தன் பெயரை மறைத்தான். நியூயோர்க்கிலோ தன் பெயரை வாசலில் எழுதிவிட்டுப் பிறரை உள்ளே அழைத்தான். செயல் ஒன்றுபோலத் தோன்றினும் திசை நேர்மாறு. உடலைப் பேணுவது தன்னளவில் குறைவானது என்று நம் விசுவாசம் ஒருபோதும் போதித்ததில்லை. உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கொரிந்தியருக்கு எழுதிய அப்போஸ்தலரே, உடற்பயிற்சியின் பயன் சிறிது, பக்தியின் பயன் பெரிது என்று திமோத்தேயுவுக்கும் எழுதுகிறார். சிறிது என்றாரேயன்றி இல்லை என்று சொல்லவில்லை. நம் புனித யோசேவ் வாஸ் அடிகளார் 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, அண்ட அஞ்சி விடப்பட்டவர்களின் புண்ணைக் கழுவினார். ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்டபின் கழுவவில்லை.

கலையைப் பற்றியும் அப்படியே. யாத்திராகமத்தில் ஆண்டவர் தமது ஆவியால் நிரப்பியதாகச் சொல்லும் பெசலேயேல், பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்த ஒரு கைவினைஞர். நியூயோர்க்கிலுள்ள அந்த 1874ஆம் ஆண்டுச் சங்கத்தின் மேடையில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். 1960 ஜனவரி 31இல் அல்வின் எய்லி என்ற கறுப்பின நடனக் கலைஞர் ‘ரெவலேஷன்ஸ்’ என்ற தமது ஆட்டத்தை முதன்முதல் அங்கேதான் அரங்கேற்றினார். டெக்சாஸ் மாநிலத்தில், தாம் சிறுவயதில் கண்ட பப்ரிஸ்ற் கோயிலின் துயரப் பாட்டுகள், ஆற்றிலே ஞானஸ்நானம் பெறும் காட்சி, இவைதான் அதன் பொருள். கறுப்பினத்தவருக்கு நல்ல மேடைகள் எளிதில் திறவாத காலம் அது. கிறிஸ்தவரின் ஞானஸ்நானக் காட்சிக்கு யூதரின் மண்டபம் இடங்கொடுத்தது. அதனால் எந்த யூதரும் தம் மதத்தை இழந்ததாக நான் படிக்கவில்லை.

ஆனாலும் இதில் ஆபத்தே இல்லை என்று சொல்பவன் பொய் சொல்கிறான். செபக்கூடமும் தடாகமும் பயிற்சி அறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் நீந்த வருபவன் செபிக்கவும் வருவான் என்று நம்பியவர் மோர்தெகாய் கப்லான் என்ற ரபி. நியூயோர்க்கில் அவர் முன்னின்று அமைத்த நிலையம் 1918இல் திறந்தது. நான்கே வருடத்தில், 1922இல், அவர் அதை விட்டு விலகினார். விலகியதற்குக் கொள்கை வேற்றுமை காரணம்; அது தனிக் கதை. அவர் மனக்கணக்கு மட்டும் பல ஊர்களில் பலிக்கவில்லை. பலர் தடாகத்துக்கு வந்தார்கள், ஈரத் துவாயோடு வீட்டுக்குப் போனார்கள். ஓய்வுநாளில் நிலையத்தைத் திறப்பதா மூடுவதா என்று ஊருக்கு ஊர் பெரிய வாக்குவாதங்கள் நடந்தன. மண்டபத்தில் சனம் நிறைந்தால் கோயிலும் நிறையும் என்று நம் பங்குச் சபையில் யாராவது கணக்குப் போட்டால், அந்தக் கணக்கை இப்போதே கிழித்துவிடட்டும். சுகமில்லாத பெண்களுக்கு இடம் கொடுப்பது அவர்களுக்குச் சுகமில்லை என்பதற்காகவே இருக்கட்டும்.

முதற் கடிதக்காரரின் மனதில் இன்னொன்றும் உண்டு, வரிகளுக்கிடையில் வாசித்தேன். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை இந்தக் கரையில் தமிழில் செபித்த குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையில் சிங்களத்துக்கு மாறியதை அவர் கண்ணால் கண்டவர். இருந்ததெல்லாம் கைநழுவிப் போகிறது, இந்த மண்டபமாவது மிஞ்சட்டும் என்பது அவர் ஏக்கம். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் ஐயா, தமிழ் போனது அடுத்தவன் நம் மண்டபத்துக்குள் வந்ததாலா? பள்ளிக்கூடத்தில் போதனாமொழி மாறியது. வீட்டில் தாயும் தகப்பனும் பிள்ளையோடு பேசுவதை விட்டார்கள். கதவு பூட்டித்தான் இருந்தது, மொழி பின்பக்கத்தால் போய்விட்டது. மாறாக நம் கூத்து என்ன ஆனது என்று பாருங்கள். கத்தோலிக்கக் கோயில் வளவுகளில் ஆடிய தமிழ்க் கூத்தைப் பார்த்துப் பழகித்தான் சிங்களவரின் நாடகமை என்ற ஆட்டமரபு வளர்ந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த மரபிலிருந்துதான் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தைச் செய்தார். நம் பிள்ளைகள் அந்த நாடகத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள், தாத்தாவின் கூத்துக் கொப்பி கரையான் அரிக்கிறது. சித்திர ஆசிரியர் அதை மேசைமேல் விரித்து வைக்க இடம் கேட்டால் வேண்டாம் என்போமா? யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் நாடகத்தையும் எல்லாச் சமயத்தவரோடும் சேர்ந்து வளர்த்தது. அங்கே எவரும் விசுவாசம் கரைந்துபோனதென்று புலம்பவில்லை.

இனி, இரண்டு கடிதங்களிலும் எழுதப்படாத விடயத்துக்கு வருகிறேன். அதை எழுதாமல் விட்டதே அது எவ்வளவு கனமானது என்பதற்குச் சாட்சி.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கோயில்களில் குண்டு வெடித்தது. அதன்பின் நம் கோயில் வாசல்களில் பையைத் திறந்து காட்டி உள்ளே போனோம். மூன்று கிழமை கழித்து, மே மாதம், சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில், அந்தக் குண்டுகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு முஸ்லிம் தச்சர் வெட்டிக் கொல்லப்பட்டார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு விரட்டப்பட்டவர்கள் அடைக்கலம் தேடிவந்த மாவட்டம் இது. இப்போது அந்தப் பெண்கள் நம் மண்டபத்தின் கதவைத் தட்டும்போது நமக்குள் ஏதோ ஒன்று பின்வாங்குகிறது. அவர்களுக்குள்ளும் ஒன்று பின்வாங்கியிருக்கும். அதைத் தாண்டித்தான் தட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து ஓவர்லாந்து பார்க் என்ற ஊரின் யூத சமூக நிலையத்துக்கு 2014 ஏப்ரல் 13இல் யூத வெறுப்புக் கொண்ட ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். அன்று குருத்தோலை ஞாயிறு. பாட்டுப் போட்டித் தேர்வுக்காகப் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பேரனார் அங்கே கூட்டிவந்திருந்தார். இருவரையும் சுட்டான். அருகிலிருந்த யூத முதியோர் இல்லத்தில் தன் தாயைப் பார்க்கப் போன பெண் ஒருவரையும் சுட்டான். யூதரைக் கொல்ல வந்தவன் கொன்ற மூவரும் கிறிஸ்தவர்கள். பையனும் பேரனாரும் மெதடிஸ்த சபையினர்; அந்தப் பெண் கத்தோலிக்கர்.

இந்தச் செய்தியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். வெறுப்பவனுக்கு அந்த வாசலைக் கடந்து போனவர் எல்லாரும் ஒரே கூட்டமாகத் தெரிந்தார்கள். அவர்கள் அங்கே போனது பாடுவதற்கும் தாயைப் பார்ப்பதற்கும். அதன்பின் அந்த நிலையம் காவலைக் கூட்டியிருக்கலாம். கதவைப் பிறருக்கு அடைக்கவில்லை. திறந்த வாசலுக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையை யார் கொடுக்க நேரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதையும் உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. பூட்டிய வாசலுக்கும் விலை உண்டு. அதை நாம் சிலாபத்தில் பார்த்தோம்.

ஆகவே என் அபிப்பிராயம், கொடுங்கள் என்பதே. தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் பங்குத்தந்தை. பத்திரிகை ஆசிரியனின் வேலை அதுவல்ல. கொடுப்பதானால் சில காரியங்களை மட்டும் யோசியுங்கள்.

மண்டபச் சுவரிலுள்ள பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றவோ துணியால் மூடவோ வேண்டாம். வருகிறவர்கள் நம் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்தே வருகிறார்கள். அதன் முன்னே கைகூப்பும்படி அவர்களிடம் கேட்கவும் வேண்டாம். யன்னல்களுக்குத் திரை போடுங்கள். மண்டபத்தைப் பரிபாலிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆண்கள் அந்தப் பக்கம் உலாவ வேண்டாம். வகுப்பு நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடியட்டும். முஸ்லிம் பெண்கள் மஃரிப் தொழுகைக்கு வீடு போய்ச் சேரலாம், நம்மவர்கள் ஆறு மணித் திரிகால செபத்துக்கு நிற்கலாம். தபசு காலத்தில் பாஸ்குப் பழக்கம் தொடங்கினால் மண்டபம் பாஸ்குக்கே. அதை இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு மனக்கசப்பு வராது. கரண்ட் காசை எல்லாரிடமும் சமமாக வாங்குங்கள். நம்மவர்களுக்குக் குறைத்து அவர்களுக்குக் கூட்டுகிற கெட்டித்தனம் வேண்டாம். கலியாண வீட்டுப் போத்தல்களைப் பற்றிச் சொன்னவருக்கு ஒரு வேண்டுகோள்: அதையும் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள்.

மண்டபத்தின் சாவி யாரிடம் இருப்பது என்று இரண்டு கடிதங்களும் கேட்கின்றன. எதிர்த்து எழுதிய பெரியவரிடமே கொடுத்துப் பாருங்கள். தகப்பன் கட்டிய கதவை அவர் கையாலேயே அந்தப் பெண்களுக்குத் திறந்துவிடட்டும். வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள், எப்படிக் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள் என்று மூன்று மாதம் கழித்து அவர் எனக்கு எழுதினால், அந்தக் கடிதத்தை இதே பக்கத்தில் ஓர் எழுத்தும் குறையாமல் வெளியிடுகிறேன்.