வீணாகும் வோட்டு என்று ஒன்று உண்டா?

ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்த ஓர் அபேட்சகருக்கு வாக்களிப்பது தர்மமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு வெறும் அரசியல் கேள்வியாகத் தோன்றினாலும், பலனை நோக்கிச் செய்யும் கர்மம் உயர்ந்ததா, பலன் கருதாமல் சரியென்று பட்டதைச் செய்வது உயர்ந்ததா என்று நம் பெரியோர்கள் நெடுங்காலமாக விசாரித்து வந்த பழைய கேள்வியேயாகும். இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றே வெல்லும் என்றிருக்கும் தொகுதியில், மூன்றாமவர்தான் யோக்கியர் என்று மனம் சொன்னாலும், அவருக்குப் போடும் வோட்டு தனக்கு அறவே பிடிக்காத ஒருவருக்கு அனுகூலமாய் முடிந்துவிடுமோ என்று கை தயங்குகிறது. அதிக வாக்குப் பெற்ற ஒருவரே வெல்லும் தேர்தல் முறை இரு கட்சிகளை நிலைநிறுத்தும் போக்குடையது என்று 1951-இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஷே, அதற்குக் காட்டிய காரணங்களுள் இந்தத் தயக்கமும் ஒன்று.

அப்படியிருக்க, அந்த முறையே வழங்கும் இங்கிலாந்தில் எப்போதாவது ஒரு சுயேச்சை அமோகமாக வெற்றி பெறுவது எவ்வாறு? ஜனங்கள் திடீரென்று பலனைத் துறந்த கர்மயோகிகளாகிவிடுகிறார்கள் என்று சொல்லலாம். கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் அது உண்மையன்று.

கம்பள நெசவுக்குப் பேர்போன கிடர்மின்ஸ்டர் என்ற ஊரில், ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு 2000-இல் மூடப்பட்டது. நள்ளிரவில் மார்வலி கண்ட கிழவரை, சொந்த ஊர் ஆஸ்பத்திரியின் வாசலைக் கடந்து வூஸ்டர் நகரத்துக்கு வண்டியில் கொண்டுபோக வேண்டிய நிலை அவ்வூராருக்கு வந்தது. எந்தக் கட்சியின் கொள்கை விளக்கமும் அந்த வழித்தூரத்தைக் குறைக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ரிச்சர்ட் டெய்லர், 2001 பொதுத் தேர்தலில் அவ்வூர் அடங்கிய வயர் ஃபாரஸ்ட் தொகுதியில் நின்று, 28,487 வோட்டுகள் பெற்று, பதவியிலிருந்த உதவி மந்திரி ஒருவரை 17,630 வித்தியாசத்தில் தோற்கடித்தார். லிபரல் டெமாக்ரட் கட்சி தன் அபேட்சகரை நிறுத்தாமல் ஒதுங்கியது ஓர் உதவிதான். அதைவிட முக்கியமாக நான் கருதுவது, ஆஸ்பத்திரிக்காக எழுந்த இயக்கம் அதற்கு முன்பே உள்ளூர்ச் சபைத் தேர்தல்களில் நின்று இடங்களைப் பிடித்திருந்ததுதான். தன்னைப் போலவே எதிர்வீட்டாரும் எண்ணுகிறார் என்பது ஒவ்வொருவருக்கும் எண்ணிக்கையோடு தெரிந்துவிட்ட பிறகு, தயங்குவதற்குக் காரணம் ஏது?

தயங்குவதற்குக் காரணம் இல்லாமற்போனது 1997-இல் டாட்டன் என்ற தொகுதியிலும் நடந்தது. அங்கே ஊழல் புகாருக்கு ஆளான கன்சர்வேடிவ் உறுப்பினரை எதிர்த்துப் பத்திரிகையாளர் மார்ட்டின் பெல் நின்றபோது, மற்ற இரு பெரிய கட்சிகளும் விலகிக்கொண்டு வழிவிட்டன. இன்னும் பழைய சான்று வேண்டுமானால், பட்டதாரிகள் வாக்களிப்பதற்கென்று அங்கே முன்பு இருந்த பல்கலைக்கழகத் தொகுதிகளைப் பார்க்கலாம். அவற்றுள் சிலவற்றில் வாக்காளர், முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசையிட்டு வாக்களிக்க முடிந்தது. முதல் விருப்பமானவர் தேறாவிட்டால் வோட்டு அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. பயத்துக்கு இடமில்லாத அந்த ஏற்பாட்டில்தான், குடும்ப உதவித்தொகைக்காகப் பல ஆண்டுகள் வாதாடிய எலினர் ராத்போனும், 1937-இன் விவாகரத்துச் சட்டத்தைக் கொண்டுவந்த ஏ. பி. ஹெர்பர்ட்டும் கட்சிச் சார்பின்றிக் காமன்ஸ் சபையில் அமர முடிந்தது.

கட்சியில்லாதவர் என்பதனாலேயே ஒருவர் உத்தமராகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1967-இல் அரியானாவில் சுயேச்சையாக வென்ற கயா லால், இரு வாரங்களுக்குள் மும்முறை கட்சி மாறியதை நம் தேசம் கண்டிருக்கிறது. கட்சி என்ற கட்டுப்பாடு இல்லாதவருக்கு மனச்சாட்சி ஒன்றே கட்டுப்பாடு; அதுவும் தளர்ந்தால் அவரைக் கேட்பாரில்லை.

ஆகவே பலனைத் துறப்பதா, பலனை நாடுவதா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதே இவ்விஷயத்தில் பொருந்தாது என்பது என் துணிபு. கீதை லோகசங்கிரகம் என்று ஒன்றைச் சொல்கிறது. தன் செயலைக் கண்டு பிறரும் நடப்பார்கள் என்பதை உணர்ந்து, உலகம் சிதறாமல் சேர்ந்து நிற்பதற்காகச் செய்யும் கர்மம் அது. தோற்பவருக்கு இன்று விழும் வோட்டு, எண்ணப்பட்டு வெளியாவதனால், நாளை தயங்கப்போகிற ஒருவனுக்குச் சாட்சியாகிறது. அந்தச் சாட்சிகள் சேர்ந்த இடத்தில்தான் சுயேச்சை வெல்கிறார்.

டெய்லர் 2005-இல் மீண்டும் வென்று, 2010-இல் தோற்றார். மூடப்பட்ட அவசர சிகிச்சைப் பிரிவு பழையபடி திறக்கப்படவில்லை. அதற்காக அவ்வூராரின் வோட்டுகளை வீண் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தங்கள் துயரம் இன்னதென்று மந்திரிசபையே கேட்கும்படி அவர்கள் சொல்லிவிட்டார்கள். உங்கள் தொகுதியிலும் யோக்கியர் என்று நீங்கள் நம்பும் ஒருவர் தனியே நின்றால், அவர் ஜெயிப்பாரா என்று ஜோசியம் பார்ப்பதை விட்டு, முதலில் அடுத்த வீட்டாரிடம் அவரைப் பற்றிப் பேசுங்கள்.