வந்தவரை வரவேற்கும் தர்மம்



1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், சிகந்தராபாத் மஹபூப் கல்லூரியில் சுவாமி விவேகானந்தர், தாம் மேலைநாடு செல்லவிருக்கும் நோக்கத்தைப் பற்றி உரையாற்றினார். ஏழு மாதங்களுக்குப் பின் சிகாகோ மேடையில் நின்று அவர் பெருமிதத்துடன் எடுத்துரைத்தவற்றுள் ஒன்று, பிற நாடுகளில் துன்புற்று வந்தோர்க்குப் பாரதம் அளித்த அடைக்கலம். யூதர்களையும் பார்சிகளையும் அவர் சான்றாகக் காட்டினார். அந்தப் பார்சிகளின் அக்னி ஆலயங்கள் ஹைதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் இன்றும் விளங்குகின்றன. முன்னோர் ஈட்டிய இப்பெருமையை நாம் உரிமையோடு பேசுகிறோம். அதனைக் காக்கும் கடமை நம்முடையது.

அதே நகரின் பாலாபூர்ப் பகுதியில் ரோஹிங்கியா அகதிகள் குடிசைகளில் வாழ்கின்றனர். மியான்மரின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒதுக்கியது. 2012-இல் ராக்கைன் மாநிலத்தில் வன்முறை மூண்டபின் பலர் இங்கு வந்தடைந்தனர். குப்பையில் பழம்பொருள் பொறுக்கியும் கூலிவேலை செய்தும் காலம் கழிக்கின்றனர். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை பலரிடம் உண்டு. ஆயினும் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் பாரதம் ஒப்பமிடவில்லை. அரசு அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகவே கருதுகிறது.

"வேற்று நாட்டினர், வேற்று மதத்தினர், இவர்களால் தீங்கு நேராதா?" என்ற ஐயம் நம் உள்ளத்தில் எழலாம். விபீஷணன் அடைக்கலம் தேடி வந்தபோது சுக்ரீவனும் இவ்வாறே அஞ்சினான். பகைவனின் தம்பி ஒற்றனாக இருக்கக்கூடும் என்றான். இராமபிரான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அனைவர் கருத்தையும், இறுதியில் அனுமனின் சொல்லையும் பொறுமையாகக் கேட்டார். பின்னர், சரணென்று வந்தவரைக் காப்பதே தமது விரதம் என உறுதி கூறி, விபீஷணனை அழைத்துவரும் பணியைச் சுக்ரீவனிடமே ஒப்படைத்தார். அஞ்சியவனே எதிர்சென்று அழைக்க நேர்ந்தது! தொலைவில் நின்று வளர்த்த அச்சம், அருகில் சென்று முகம் பார்த்தால் குறையும் என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

குடியுரிமையையும் நாட்டின் பாதுகாப்பையும் அரசும் நீதிமன்றங்களும் முடிவு செய்யட்டும். அம்முடிவு வரும்வரை பசித்த குழந்தைக்குச் சோறும், நோயுற்ற தாய்க்கு மருந்தும் காத்திருக்க இயலுமா? அவற்றை அளிப்பது இல்லறத்தாரின் தர்மம்.

தமிழராகிய நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்த நம் உறவுகள் மண்டபம் முதலிய முகாம்களில் தங்கினர். கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் எண்ணற்றோர்க்கு வாயில் திறந்தன. மொழியும் மதமும் வேறான அந்நாட்டினர் நம்மவர்க்குச் செய்ததை, நாம் பிறர்க்குச் செய்யத் தயங்கலாமா?

சொந்த நாட்டிலேயே அந்நியராய் வாழ்வோரும் உளர். 2020 மே 1-ஆம் நாள், ஊரடங்கில் சிக்கிய ஏறத்தாழ 1,200 தொழிலாளருடன், ஹைதராபாத்தின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் சிறப்பு ரயில் புறப்பட்டது. நம் நகரங்களை எழுப்பும் கைகள் எத்தனை தொலைவிலிருந்து வந்தவை என்பதை நாடு அன்று கண்டது.

பழந்தமிழில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்றே பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். நம் பகுதிக்கு வந்துள்ள புதியவர் ஒருவரின் பெயரை இம்மாதம் கேட்டறிவோம். அவர் குழந்தையின் கல்விக்கு உதவுவோம். இழிசொல்லால் அவரைச் சுட்டாதிருப்போம். உதவி பெறுபவரின் மதத்தைக் கேட்காதிருப்போம், நம் மதத்தை அவர்மேல் திணிக்காதிருப்போம்.

பூஜையறையில் நாம் வணங்கும் இறைவன் வாயிலில் வந்து நிற்கும்போதும் அவனை அறிந்துகொள்ளும் கண்களை அவனே நமக்கு அருள்வானாக!