அக்கரையில் இருக்கும் அம்மா

போன வெள்ளிக்கிழமை எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணோடு திருச்சி மலைக்கோட்டைக்குப் போயிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறும்போதே அவள் கையில் ஒரு பூவன் தார். நாத்தனார் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் தாயுமானவருக்கு வாழைத்தார் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். நல்லபடியாக ஆகிவிட்டது, நேர்த்திக்கடன் செலுத்தக் கிளம்பிவிட்டாள்.

மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் படி ஏறினோம். எனக்கு அறுபத்தெட்டு வயது. தாயுமானவர் சன்னதிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது, மடியிலிருந்த தாரை இறக்கி வைக்காமலே சொன்னாள்: "டீச்சர், நாங்க இன்னொண்ணு பெத்துக்கலாமான்னு யோசிக்கிறோம்."

அவளுக்கு நாற்பது நடக்கிறது. ஒரே மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம்தான் அந்தப் பெண்ணுக்குச் சடங்கு செய்தார்கள். தண்ணீர் ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி.

"வயசுக்கு வந்த பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு நான் வயித்தத் தள்ளிக்கிட்டு நடந்தா, தெருவுல என்ன பேசுவாங்க டீச்சர்?"

தெரு பேசுவது இருக்கட்டும், மாமியார் பேசி முடித்துவிட்டாராம். பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இது தேவையா என்று. "ஒண்ணோட நிறுத்திட்டியே, தனிமரம் தோப்பாகுமா" என்று பத்து வருடமாகக் குறை சொன்னவரும் இதே மாமியார்தான்.

எனக்கு என் பாட்டி நினைவு வந்தது. பாட்டி கடைசிப் பிள்ளையைப் பெற்றபோது நாற்பத்திரண்டு வயது. அதே வருடம் என் பெரியம்மாவும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார். ஒரே கூடத்தில், ஒரே உத்தரத்தில் இரண்டு தூளி. மாமாவுக்கும் மருமகனுக்கும் இரண்டு மாத வித்தியாசம், அதிலும் மருமகன்தான் மூத்தவன்! அந்தக் காலத்து வீடுகளில் இது சர்வ சாதாரணம். யாரும் வெட்கப்படவில்லை. ஆனால் பாட்டியிடம் யாரும் "உனக்கு வேணுமா" என்று கேட்டதும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவளிடம் பாட்டி கதையைச் சொன்னேன், சிரித்தாள். விவரம் தெரியாத பெண் இல்லை. டாக்டரிடம் போய் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கரு தங்குவதே இந்த வயதில் சுலபமில்லை, தங்கினாலும் கலைவதற்கு வாய்ப்பு அதிகம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்கும். இருபத்தைந்து வயதில் ஆயிரத்துச் சொச்சம் கர்ப்பத்தில் ஒன்றுக்கு வரக்கூடிய டவுன் குறைபாடு, நாற்பதில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. அதற்குப் 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேன் பார்க்க வேண்டும். எல்லாம் மனப்பாடமாகச் சொன்னாள்.

அவளும் அரசுப் பள்ளி ஆசிரியைதான். இரண்டாவது பிள்ளை என்பதால் விடுப்புக்குத் தடையில்லை. எங்கள் காலத்தில் மூன்று மாதம், இப்போது 2021 ஜூலை முதல் ஒரு வருடம். மூன்றாவது பிரசவத்துக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தருமபுரி மாவட்ட ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம் வென்றாரே, அந்தத் தீர்ப்பையும் அவள் படித்து வைத்திருக்கிறாள்.

"அப்புறம் என்னம்மா யோசனை?" என்றேன்.

கொஞ்ச நேரம் தாரிலிருந்த ஒரு பழத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "மூத்தவ பிறந்தப்ப எங்கம்மா வந்து அஞ்சு மாசம் இருந்தாங்க டீச்சர். பத்தியச் சாப்பாடு, பிள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுறது, ராத்திரி முழிக்கிறது, எல்லாம் அவங்கதான். இப்ப அவங்க குளித்தலையில கட்டிலோட கிடக்குறாங்க. முட்டி ரெண்டும் போச்சு. யாரு டீச்சர் வருவாங்க?"

எந்தக் கோயில் படியில் உட்கார்ந்து இதைக் கேட்கிறாள் பாருங்கள்.

உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். நிறைமாதக் கர்ப்பிணி இரத்தினாவதி திருச்சியில் காத்திருக்கிறாள். புறப்பட்டு வந்த தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். ஈசன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்துத் தாயுமானவர் ஆகிறார். சித்திரையில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இன்றைக்கும் அதை விழாவாக நடத்துகிறோம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை, அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வந்தவர் கடவுள். பெண்ணா பிள்ளையா, எத்தனையாவது, இந்த வயதில் எதற்கு, ஒன்றும் கேட்கவில்லை. மருந்தும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்தார், வெள்ளம் வடிகிற வரைக்கும் கூடவே இருந்தார்.

இந்தச் சன்னதியில் இன்னொரு கதையும் உண்டு. திருமறைக்காட்டுக் கேடிலியப்பப் பிள்ளை, பிள்ளையில்லாத தன் அண்ணனுக்கு மூத்த மகனைத் தத்துக் கொடுத்துவிட்டு, இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இங்கே வந்து வேண்டிக்கொண்டார். பிறந்த மகனுக்குத் தாயுமானவர் என்றே பெயர் வைத்தார். நம் தாயுமானவ சுவாமிகள்தான் அவர். அந்த வரலாற்றில் அப்பாவின் வேண்டுதல் இருக்கிறது, பெரியப்பாவின் ஆசை இருக்கிறது. அந்த அம்மா என்ன நினைத்தார் என்று ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நம் ஊர்ச் சுவர்களில் சிவப்பு முக்கோணம் வரைந்து 'நாமிருவர் நமக்கிருவர்' என்று எழுதினார்கள். நாங்கள் அதைப் படித்து வளர்ந்தவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்று வந்தது. 2025 மார்ச்சில், மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்யும் பேச்சு நடந்த நேரத்தில், மணமக்கள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திருமண மேடையிலேயே கேட்டுக்கொண்டார். போதும் என்றும் வேண்டும் என்றும் சொல்ல எப்போதும் ஆள் இருக்கிறது. தெருவிலும் அப்படித்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிற பிள்ளையைத் தூக்கத்தான் ஆள் இல்லை.

அவள் கணவர் நல்ல மனிதர். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டாராம். கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'உன் இஷ்டம்' என்றால் முழுப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால் அதற்குத் துணையாக மாமியாரிடம் பேசுவது யார்? வேண்டும் என்றால் ராத்திரி எழுந்திருப்பது யார்? அதைச் சொல்லுங்கள்.

அன்றைக்கு அவளுக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எதுவா இருந்தாலும் நான் எதிர்வீட்டுலதான் இருக்கேன். பத்தியக் குழம்பு எனக்கும் வைக்கத் தெரியும்" என்றேன். அவள் எழுந்து, தாரை இடுப்பில் இருத்திக்கொண்டு, இன்னொரு கையை எனக்குக் கொடுத்தாள். மிச்சப் படிகளை ஏறினோம்.

வருகிற வியாழக்கிழமை மறுபடி டாக்டரிடம் போகிறாள். கணவரும் லீவு போட்டிருக்கிறார். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள், போகிறேன். என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.