எள்ளலும் இளிவும்

ஒருவர் விழும்போது மற்றவர் சிரிப்பது அறத்தோடு பொருந்துமா என்னும் வினா, 1895-இல் லூமியர் சகோதரர் எடுத்த, தோட்டக்காரரின் முகத்தில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் ஒரு நிமிடத்திற்கும் குறைவான படத்திலேயே எழுந்துவிடுகிறது. அடியும் உதையுமே நகைப்பாகும் இவ்வகை ஊமைப்படங்களுக்கு வழங்கும் ஸ்லாப்ஸ்டிக் என்னும் பெயர், மேடைக் கோமாளிகள் வைத்திருந்த, பேரோசை எழுப்பினாலும் வலிக்காத இரட்டைப் பட்டைக் கோலைக் குறிப்பதாகும்.

சிரிப்பவரின் நெஞ்சு அக்கணம் மரத்துப்போக வேண்டும் என்று பிரெஞ்சு மெய்யியலாளர் பெர்க்சன் 1900-இல் எழுதினார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் பார்வை இதைவிட நுட்பமானது. மெய்ப்பாடு, அதாவது உள்ளத்துணர்வு உடலில் புலப்படுதல், எட்டென வகுக்கும் அந்நூல், முதலாவதாகிய நகைக்குரிய நான்கு களன்களுள் எள்ளலை முதலிலும், அடுத்ததாகிய அழுகைக்குரிய நான்கனுள் இளிவை, அதாவது பிறரால் இகழப்பட்டு எளியராதலை, முதலிலும் வைக்கிறது. ஆகவே ஒரே உதை, உதைத்தவர் பக்கம் நின்றால் நகையாகவும் உதைபட்டவர் பக்கம் நின்றால் அழுகையாகவும் ஆகிவிடுகிறது. உரையாசிரியரான பேராசிரியரோ, பிறரை எள்ளி நகுதலோடு, எள்ளப்பட்டவர் தாமே நகுதலையும் எள்ளலுள் அடக்குகிறார். பெர்க்சனின் கணக்கில் இந்த இரண்டாம் நகைக்கு இடமில்லை.

அந்நகையின் அருமை, குளுவாங், சிகாமட் முதலிய ஜொகூர் வட்டாரங்களில் தமிழர் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய வாழ்வை எண்ணும்போதுதான் விளங்கும். வேலையாட்களை மேய்க்கும் கங்காணி, கணக்கெழுதும் கிராணி, தோட்டத்தை நடத்தும் துரை என்று அடுக்கப்பட்ட அதிகாரத்தின்கீழ், துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பது மலாயாத் தோட்டங்களின் வழக்கமாயிருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிப்பதையும் கோரிக்கையாக வைத்தனர். மிதித்து வந்தவர் சட்டெனக் குதித்து, கைப்பிடியைப் பற்றியபடி வழியோரம் ஒதுங்கும் அசைவை மட்டும் வெட்டியெடுத்தால், அது ஊமைப்படக் காட்சியேதான். ஆனால் இங்கே கோல் வெறும் ஓசையோடு நின்றுவிடவில்லை.

ஜொகூர் நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூருக்கு 1932-இல் வந்துசென்ற சார்லி சாப்ளின் தம் ஊமைப்படங்களில் ஏற்ற நாடோடி, உதைபட்டு எழுந்ததும் முதலில் தொப்பியைத்தான் சரிசெய்கிறார். கந்தலுக்குப் பொருந்தாத அந்த மிடுக்கு, இளிவை ஏற்க மறுக்கும் உடலின் மொழி. சைக்கிளிலிருந்து இறங்கிப் பழகிய ஒருவர் அவரைப் பார்த்துச் சிரிப்பாரானால், அச்சிரிப்புக்கு நெஞ்சு மரத்துப்போக வேண்டியதில்லை. விழுந்தவரின் பக்கத்திலேயே அவர் நின்றுகொண்டிருக்கிறார்.